டைம்டேபிளில் சாப்பாட்டு நேரம் எங்கே?

கேள்வி: ஐயா, எனக்கு 27 வயது. பி.எஸ்சி. கணிதம். சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம், அப்பா கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறார். 2021-லிருந்து டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறேன். குரூப் 4 மூன்று தடவை எழுதியாகிவிட்டது. 2022-ல் 138 கேள்வி சரி, 2024-ல் 151, 2025-ல் 149. 2024-ல் எங்கள் பிரிவு கட்-ஆஃபுக்கு ஆறே கேள்விதான் குறைவு. திருப்பூரில் வேலை பார்க்கும் அண்ணன் 18,000 ரூபாய் கட்டி கோச்சிங் அனுப்பினான். நடுவில் குரூப் 2, போலீஸ், பேங்க் கிளார்க் என்று வந்ததையெல்லாம் எழுதினேன். டைப்ரைட்டிங் தமிழ் லோயர் சேர்ந்து, படிக்க நேரம் இல்லை என்று பாதியில் நிறுத்திவிட்டேன். மாசாமாசம் டைம்டேபிள் போடுகிறேன், நாலு நாளைக்கு மேல் நிற்பதில்லை. எனக்கு மனஉறுதி இல்லையோ என்று பயமாக இருக்கிறது. வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். இன்னும் ஒரு வருஷம் படிக்கட்டுமா, விட்டுவிடட்டுமா? டைம்டேபிளை போட்டோ எடுத்து இணைத்திருக்கிறேன்.
எஸ்., தென்காசி மாவட்டம்.

பதில்:

உங்கள் கடிதம் வந்த அன்றே ஒரு கேள்வி திருப்பிக் கேட்டிருந்தேன், ஞாபகம் இருக்கும். மூன்று தேர்விலும் தமிழில் எத்தனை, பொது அறிவில் எத்தனை, கணக்கில் எத்தனை என்று பிரித்து அனுப்புங்கள் என்றேன். பதில் வர ஒன்பது நாள் ஆனது. கோபித்துக்கொள்ளாதீர்களம்மா, அந்த ஒன்பது நாளைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டியிருக்கிறது. நாலு வருஷமாகப் படிக்கிற ஒருவருக்கு, தான் எங்கே மார்க்கை விட்டோம் என்ற கணக்கு விரல் நுனியில் இருந்திருக்க வேண்டும். உங்களுக்கோ பரணில் இருந்த கேள்வித்தாளை இறக்கி, ஆன்சர் கீயைத் தேடி எடுத்து, உட்கார்ந்து எண்ண வேண்டியிருந்தது. மொத்தம் 149 என்பது தெரிந்திருந்தது, ஏன் 149 என்று ஒருநாளும் பார்க்கவில்லை.

சரி, பிரித்து வந்த கணக்கு இது. மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன், குரூப் 4-ல் மொத்தம் 200 கேள்வி. தமிழ் 100, பொது அறிவு 75, கணக்கும் அறிவுக்கூர்மையும் சேர்த்து 25. கேள்விக்கு ஒன்றரை மார்க், தப்புக்குக் கழிப்பது கிடையாது. 2022-ல் இவருக்குத் தமிழ் 76, பொது அறிவு 45, கணக்கு 17. 2024-ல் 85, 48, 18. 2025-ல் 82, 50, 17.

கணக்கு வரிசையை மட்டும் இன்னொரு தடவை வாசியுங்கள். 17, 18, 17.

பி.எஸ்சி. கணிதம் படித்தவர் நீங்கள். அந்தப் பகுதியில் கேட்பது சுருக்குதல், சதவீதம், மீ.பொ.வ., மீ.சி.ம., விகிதம், தனிவட்டி, கூட்டுவட்டி, பரப்பு, கன அளவு, நேரமும் வேலையும், கொஞ்சம் புதிர். பத்தாம் வகுப்பைத் தாண்டாத சரக்கு. 2024-ல் உங்களுக்குக் குறைந்தது ஆறு கேள்வி, கணக்கில் மட்டும் விட்டது ஏழு. புரிகிறதா? அந்த ஆறு கேள்விக்காக நீங்கள் அடுத்த ஒரு வருஷம் பொது அறிவை உருட்டி உருட்டிப் படித்து, இரண்டே இரண்டு கேள்வி கூடுதலாக வாங்கினீர்கள். டைம்டேபிள் போட்டோவையும் பெரிதாக்கிப் பார்த்தேன். வாரம் முழுக்க வரலாறு, அரசியலமைப்பு, தமிழ், நடப்பு நிகழ்வு. கணக்குக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம், அதிலும் பக்கத்தில் 'ரிவிஷன்' என்று எழுதி அடைப்புக்குறி வேறு. நம்ம பாடம்தானே, பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. கணக்குப் பட்டதாரிகள் பலரிடம் இதைப் பார்த்திருக்கிறேன், இலக்கணத்தில் மார்க்கை விட்டுவிட்டு வந்து நிற்கும் தமிழ் எம்.ஏ.க்களையும் பார்த்திருக்கிறேன்.

நானும் ஒழுங்கில்லை. பயிற்சி வகுப்பில் கணக்கு நடத்தப் போவதற்கு முன்னால் நானே குரூப் 2 நாலு முறை எழுதித் தோற்றவன். எனக்கு வரலாறு என்றால் உயிர். பாண்டியர், நாயக்கர் என்று போனால் ராத்திரி இரண்டு மணி வரை படிப்பேன், பொருளாதாரப் புத்தகத்தைத் தொட்டால் ஒன்பது மணிக்கே கண் சொக்கும். 'தினம் எட்டு மணி நேரம் படிக்கிறேன்' என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய்யும் இல்லை. ஆனால் அந்த எட்டு மணி நேரமும் எனக்கு ஏற்கெனவே தெரிந்ததையே படித்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன் என்று நாலாவது தோல்விக்கு அப்புறம்தான் உறைத்தது. அதையும் நானாகக் கண்டுபிடிக்கவில்லை. ரூமில் கூட இருந்த நண்பன், என் புத்தகங்களின் ஓரத்தைப் பார்த்தே எது அழுக்கு, எது புதுசு என்று பிரித்து அடுக்கிக் காட்டினான்.

இப்போது அந்த 2025 கேள்வித்தாளுக்கு வாருங்கள். கணக்கில் எட்டு தப்பு. எட்டும் ஒரே ரகம் இல்லை. சூத்திரமே தெரியாமல் விட்டது ஒரு ரகம். தெரியும், ஆனால் நேரம் இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வட்டத்தை நிரப்பியது இன்னொன்று. கேள்வியைத் தப்பாக வாசித்தது, 'எது தவறான இணை' என்று கேட்டிருக்க, முதலில் கண்ணில் பட்ட சரியான இணையைக் குறித்துவிட்டு வந்தது, அது வேறு ரகம், அது தமிழிலும் பொது அறிவிலும்கூட நடந்திருக்கும். இரண்டு விடைகளுக்கு நடுவே தடுமாறி, முதலில் போட நினைத்ததை விட்டு மற்றதைப் போட்டது நாலாவது. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. தெரியாததற்குப் படிக்க வேண்டும். நேரம் போதாததற்கு எவ்வளவு படித்தாலும் பிரயோஜனம் இல்லை, எழுதும் வரிசையை மாற்ற வேண்டும், வேகத்துக்குப் பழக வேண்டும். 200 கேள்விக்கு மூன்று மணி நேரம் என்றால் ஒன்றுக்கு 54 விநாடி. நீங்கள் கணக்கைக் கடைசி இருபது நிமிஷத்துக்கு வைத்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். 25 கேள்விக்கு இருபது நிமிஷம் என்றால் ஒன்றுக்கு 48 விநாடி, அதுவும் இரண்டே முக்கால் மணி நேரம் உட்கார்ந்து கழுத்து வலிக்கிற நேரத்தில். தமிழை மடமடவென்று முடிக்கத் தெரிந்தவருக்கு அங்கே மிச்சமாகிற நேரம் முழுக்கக் கணக்குக்குப் போக வேண்டியது. அது பொது அறிவில், தெரியாத கேள்விகளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததிலேயே போயிருக்கிறது.

ஒரு சின்ன உதாரணம். 8,000 ரூபாய்க்கு 5 சதவீதத்தில் இரண்டு வருஷக் கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் வித்தியாசம் என்ன? வகுப்பில் பட்டதாரிகளைப் போடச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் முதல் வருஷ வட்டி 400, அசல் 8,400 ஆகிறது, இரண்டாம் வருஷம் 420, மொத்தம் 820, தனிவட்டி 800, கழித்தால் 20 என்று முழுசாக எழுதுவார்கள். விடை சரி, ஆனால் ஒன்றரை நிமிஷம் காலி. இரண்டு வருஷம் என்றால் அந்த வித்தியாசம் முதல் வருஷ வட்டிக்கு வருகிற ஒரு வருஷ வட்டிதானே, 400-க்கு 5 சதவீதம் 20, பத்து விநாடி. இதற்குத் தேவையான அறிவு உங்களிடம் ஏழாவது, எட்டாவது படிக்கும்போதே வந்துவிட்டது, பழக்கம்தான் வரவில்லை.

இழை அறுந்தால் உங்கள் அப்பா தறியை நிறுத்தி முடிச்சுப் போட்ட பிறகுதான் மறுபடி ஓட்டுவார். அப்படியே விட்டால் அந்தக் கோடு துணி முழுக்க ஓடும் என்று அவருக்குத் தெரியும். நீங்கள் ஒவ்வொரு தேர்வும் முடிந்த கையோடு கேள்வித்தாளைப் பரணில் போட்டுவிட்டு அடுத்த டைம்டேபிளுக்கு ஸ்கெட்ச் பேனா தேடியிருக்கிறீர்கள். அந்தக் கேள்வித்தாளுக்கு ஈடான கைடு எந்தக் கடையிலும் கிடைக்காது. தேர்வு முடிந்த கொஞ்ச நாளிலேயே ஆணையம் உத்தேச விடைகளை இணையதளத்தில் போட்டுவிடுகிறது. அந்த வாரமே உட்கார்ந்திருந்தால் எந்த விடையை ஏன் போட்டோம் என்பதும் ஞாபகத்தில் இருந்திருக்கும். இப்போது மாசங்கள் ஓடிவிட்டதால் பாதிதான் ஞாபகம் வரும், பரவாயில்லை, பாதியே போதும்.

அப்புறம் இந்த டைம்டேபிள். காலை 5 மணிக்கு எழுந்து ராத்திரி 10.30 வரை, கூட்டிப் பார்த்தால் 14 மணி நேரப் படிப்பு. சிவப்பு, பச்சை, நீலம் என்று அழகாக இருக்கிறது. இதில் சாப்பாட்டு நேரம் எங்கே? குளிப்பது, துணி துவைப்பது, தண்ணீர் வரும் அன்றைக்குக் குடம் தூக்குவது, அம்மாவுக்கு உடம்பு முடியாவிட்டால் சமைப்பது, இதெல்லாம் எங்கே? பெண்பிள்ளை வீட்டில் இருந்து படித்தால் 'சும்மாதானே இருக்கிறாய்' என்று இருபது வேலை வந்து சேரும், அது நியாயமா இல்லையா என்பது வேறு பேச்சு, ஆனால் வரும் என்று உங்களுக்கு நாலு வருஷ அனுபவம் இருக்கிறது, அந்த அனுபவத்தில் ஒரு துளிகூட இந்தத் தாளில் இல்லை. நாலு நாள் நின்றதே பெரிய விஷயம் என்பேன். மனஉறுதி என்ற வார்த்தையையே இந்த விஷயத்தில் இழுக்காதீர்கள். இந்த டைம்டேபிளை என்னிடம் கொடுத்திருந்தால் நான் இரண்டாம் நாளே கிழித்துப் போட்டிருப்பேன்.

இது உங்களுக்கு மட்டும் நடக்கிற கோளாறு இல்லை. 1994-ல் வெளியான ஓர் ஆய்வில், கனடாவில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த கடைசி வருஷ மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாகச் சுமார் 34 நாள் என்றார்கள். எல்லாமே சொதப்பினால் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டதற்குச் சுமார் 49 என்றார்கள். நிஜத்தில் ஆனது சுமார் 55. அதாவது சொதப்பல் கணக்கையும் தாண்டிவிட்டது. அவர்களும் இதற்கு முன்னால் எத்தனையோ வேலையைக் கடைசி நேரத்தில் முடித்தவர்கள்தான், ஆனால் அடுத்த வேலைக்கு நாள் குறிக்கும்போது பழசை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, 'இந்தத் தடவை அப்படி ஆகாது' என்றே மனசு சொல்லும்.

அதனால் இரண்டு வாரத்துக்கு டைம்டேபிளே போடாதீர்கள். அதற்குப் பதில் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். எத்தனை மணிக்கு உட்கார்ந்தேன், எத்தனை மணிக்கு எழுந்தேன், என்ன படித்தேன், எதனால் எழுந்தேன். போன் பார்த்தால் போன் என்றே எழுதுங்கள், யாருக்கும் காட்டப் போவதில்லை. பதினாலு நாள் கழித்துக் கூட்டினால் ஐந்து மணி நேரம் வரலாம், நாலரை வரலாம். அந்த எண்தான் உங்கள் நாளின் நிஜமான அளவு. நாலரை மணி நேரத்துக்குத் திட்டம் போட்டால் அது நிற்கும், நிற்கிறது என்று தெரிந்தபிறகு ஐந்தாக்கலாம். எந்த நேரத்தில் தலை வேலை செய்கிறது என்பதும் அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும். ஊரில் எல்லோரும் விடியற்காலை என்கிறார்கள் என்பதற்காக 5 மணிக்கு எழுந்து புத்தகத்தின் மேலே தூங்குவதில் அர்த்தமில்லை.

அந்த நாலரை மணி நேரத்திலும் வாசிப்பதைக் குறைத்து, புத்தகத்தை மூடிவைத்துக் கேள்விகளுக்கு விடை எழுதுவதைக் கூட்டுங்கள். இதைச் சோதித்துப் பார்த்து 2006-ல் ஓர் ஆய்வு வந்தது. ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டால் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள்தான் நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, வாசித்ததைப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும், அந்த மாதிரிக்குத்தான் நாம் ஏமாறுகிறோம். தமிழுக்கு இன்னொன்று. 2025 தேர்வுக்கு முன்னால் பாடத்திட்டத்தை மாற்றினார்கள். உங்கள் நோட்ஸ் 2021-ல் எழுதியது என்கிறீர்கள். 85-லிருந்து 82-க்கு இறங்கியதற்குக் காரணம் அங்கே இருக்கலாம், புதுப் பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்கள். தாள் கஷ்டம் என்று எல்லோரும் புலம்பினார்கள், உண்மைதான், ஆனால் கஷ்டம் எல்லோருக்கும்தான்.

கோச்சிங்குக்கு மறுபடி பணம் கட்ட வேண்டாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் நடத்தும் வகுப்பு இலவசம், பள்ளிப் பாடப் புத்தகங்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பணத்தைவிட, உங்களுக்கு இப்போது தேவை வாரம் ஒரு முழு மாதிரித் தேர்வும், அதைப் பிரித்துப் பார்க்க அதைவிட அதிக நேரமும்.

போலீஸ், பேங்க், குரூப் 2 எல்லாம் ஒரே சமயத்தில் வேண்டாம். பேங்க் தேர்வில் இங்கிலீஷ் தனிப் பகுதி, தப்புக்குக் கால் மார்க் கழிப்பார்கள், தயாரிக்கும் விதமே வேறு. மூன்று பஸ்ஸுக்கும் கையைக் காட்டிவிட்டு ஒன்றிலும் ஏறாமல் ஸ்டாண்டிலேயே நிற்பது மாதிரி ஆகிவிடுகிறது.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரியில் தாண்டிப் போன ஒன்றை நான் திரும்பப் போய் அடிக்கோடு போட்டேன், டைப்ரைட்டிங். குரூப் 4-லேயே தட்டச்சர் பதவி இருக்கிறது. அதற்குத் தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் அரசுத் தொழில்நுட்பத் தேர்வு தேற வேண்டும், இரண்டும் ஹையர், அல்லது ஒன்று ஹையர், ஒன்று லோயர். இதை முடித்தவர்கள் குறைவு என்பதால் அந்தப் பதவிக்குப் போட்டியும் குறைவு, கட்-ஆஃப் பெரும்பாலும் கீழேதான் நிற்கும். படிக்க நேரம் வேண்டும் என்று நீங்கள் நிறுத்தியது, எந்தப் பரீட்சைக்குப் படித்தீர்களோ அதே பரீட்சையில் உங்களுக்கு இன்னொரு கதவைத் திறந்திருக்கக்கூடிய ஒன்றை. தினம் ஒரு மணி நேரம்தான், டவுனில் இன்ஸ்டிடியூட் இருக்கிறது, தேர்வு வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிறது. நாளைக்கே போய்ச் சேருங்கள். அரசு வேலை கிடைக்காமலே போனாலும் அந்த விரல் வீணாகாது.

கடைசியாக, படிக்கட்டுமா விட்டுவிடட்டுமா என்ற கேள்வி. இதில் ஒரு விசித்திரமான சிக்கல் இருக்கிறது. பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் பிரிவினர், தேவையான குறைந்தபட்சப் படிப்புக்கு மேல் படித்திருந்தால் குரூப் 4-ன் பெரும்பாலான பதவிகளுக்கு அதிகபட்ச வயது வரம்பே கிடையாது. நல்ல சலுகைதான், பலருக்கு வாழ்க்கை கொடுத்திருக்கிறது. ஆனால் வெளியிலிருந்து யாரும் உங்களை 'போதும்' என்று சொல்ல மாட்டார்கள் என்று அர்த்தம். ஆறு கேள்வியில் போச்சு, நாலு கேள்வியில் போச்சு என்று 38 வயது வரை எழுதிக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும். எல்லோரும் கெட்டிக்காரர்கள், அதுதான் வருத்தம்.

தேர்வும் நம் வசதிக்கு வருவதில்லை. 2019 செப்டம்பரில் நடந்தபின் அடுத்த குரூப் 4 நடந்தது 2022 ஜூலையில். 2023-ல் தேர்வே இல்லை. முதலில் அறிவித்த இடங்கள் 2022-ல் 7,301, 2024-ல் 6,244, 2025-ல் 3,935. பிறகு கூட்டுகிறார்கள் என்றாலும் எவ்வளவு கூட்டுவார்கள் என்று நாம் நம்பி உட்கார முடியாது. 2025-ல் விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். எனவே 'கிடைக்கிற வரைக்கும்' என்று திட்டம் போடாதீர்கள்.

என் யோசனை, இன்னும் ஒரே ஒரு குரூப் 4. ஒரு வருஷம் என்று சொல்லவில்லை, ஒரு தேர்வு என்கிறேன். ஒருவேளை அறிவிப்பு தள்ளிப்போனாலும் காத்திருக்கும் காலம் வெறுமையாக இருக்கக் கூடாது, சாயங்காலம் எட்டாவது முதல் பத்தாவது வரை பத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுங்கள். கையில் காசு புரளும், அண்ணனிடம் கேட்க வேண்டியதில்லை, கூடவே நீங்கள் அலட்சியம் செய்த அதே சதவீதமும் வட்டியும் தினம் வாயில் வந்து போகும். அந்தத் தேர்வு முடிந்து எத்தனை கேள்விக்குக் கீழே வந்தால் நிறுத்துவேன், நிறுத்தினால் அடுத்து என்ன, பி.எட்.டா, தனியார் பள்ளியா, கணக்கு எழுதும் வேலையா, இதை ரிசல்ட் வந்த பிறகு யோசிக்க முடியாது, அப்போது அழுகையும் ஆத்திரமும்தான் இருக்கும். இப்போதே, மனசு ஓரளவு நிதானமாக இருக்கும்போதே, எழுதித் தேதி போட்டுவிடுங்கள்.

எழுதியதை வீட்டில் காட்டுங்கள். கல்யாணம் எப்போது என்று நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் உங்கள் அம்மாவுக்குப் பயம், இது எப்போது முடியும் என்று தெரியாததால்தான். 'இன்னும் கொஞ்ச நாள்' என்பதை நாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இந்த ஒரு தேர்வு, அதற்குள் டைப்ரைட்டிங் இரண்டும், அப்புறம் இதுதான் என்று தாளில் இருந்தால் பேச்சே வேறு மாதிரி போகும். அப்படிப் பேசும்போது அண்ணனையும் போனில் வைத்துக்கொள்ளுங்கள், பணம் கட்டியவன், அவனுக்கும் தெரிய வேண்டும்.

இப்போதைக்கு ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். 2025 தாளில் கணக்கில் விட்ட அந்த எட்டுக் கேள்வியையும் வெள்ளைத்தாளில், கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, மறுபடி போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை விநாடி ஆனது, அன்றைக்கு ஏன் தப்பானது என்று ஓரத்தில் எழுதுங்கள். அடித்தல் திருத்தல் எதையும் அழிக்க வேண்டாம், நகல் எடுத்து அழகாக எழுதவும் வேண்டாம், அந்தத் தாளையே தபாலில் அனுப்புங்கள். இந்தத் தடவை ஒன்பது நாள் ஆகாது என்று நினைக்கிறேன்.